கணையம் ஆறிய பின் ஏறும் சீனி

1889ஆம் ஆண்டில் கணையத்தைப் பற்றி இரண்டு முக்கியமான வேலைகள் நடந்தன. பொஸ்டனில் ரெஜினோல்ட் ஃபிட்ஸ் என்ற நோயியல் பேராசிரியர், மேல்வயிற்றில் திடீரெனத் தாங்கமுடியாத வலி கண்டு இறந்துபோனவர்களின் குறிப்புகளைத் திரட்டினார். அவர்களுடைய கணையம் வீங்கி, இரத்தம் கசிந்து, அழுகியிருந்ததைக் காட்டி, திடீர்க் கணைய அழற்சியைத் தனி நோயாக வகுத்தார். அதே ஆண்டு ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒஸ்கார் மின்கோவ்ஸ்கியும் யோசெஃப் ஃபொன் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை முழுவதுமாக அகற்றிப் பார்த்தார்கள். நாய்க்கு நீரிழிவு வந்தது. இரண்டும் ஒரே உறுப்பைப் பற்றிய வேலைகள்தான். ஆனாலும் அதன்பின் அவை வேறு வேறு வழியில் போய்விட்டன. கணைய அழற்சி சத்திரசிகிச்சை நிபுணரின் பொறுப்பாயிற்று. நீரிழிவு பொது வைத்தியரின் பொறுப்பாயிற்று. நம் பெரியாஸ்பத்திரிகளின் அமைப்பிலும் இந்தப் பிரிவினை உண்டு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருபவர் சத்திரசிகிச்சை வார்டில் படுக்கிறார். வலி அடங்கி, சாப்பாடு ஒத்துக்கொண்டதும் துண்டு வெட்டி, டயக்னோசிஸ் காட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். சீனி வருத்தத்துக்கான கிளினிக்கோ வேறு இடத்தில், வேறு நாளில், வேறு வைத்தியரிடம் நடக்கிறது. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஒருவர் போய்ச் சேர வேண்டுமானால், அவருக்கு ஏற்கெனவே சீனி ஏறியிருக்க வேண்டும், அது யார் கண்ணிலாவது பட்டும் இருக்க வேண்டும்.

கணைய அழற்சி ஒருமுறை வந்துபோன எவரையும், அது எவ்வளவு இலேசாக வந்திருந்தாலும், இனி நீரிழிவு வரக்கூடியவர் என்று கருதிப் பல ஆண்டுகள் கவனித்து வர வேண்டும் என்பதற்கு இன்று போதிய சான்றுகள் இருக்கின்றன. பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில், பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்து மலைகளிலும் அப்புத்தளை, கொஸ்லந்தைச் சரிவுகளிலும், அந்தக் கவனிப்புக்கான தேவை கொழும்பைவிடக் கூடுதல் என்பது என் வாதம். தோட்டத்தில் நீரிழிவே இல்லை என்றோ, எல்லாமே கணையத்தால் வருகிறது என்றோ நான் சொல்லவில்லை. இந்த வழியாக வரும் நீரிழிவு, நாம் விரித்துவைத்திருக்கும் வலையில் அகப்படாமல் போகும் விதமானது என்பதே விஷயம்.

பள்ளிப் பாடநூல்கள் சதையி என்று சொல்லும் கணையம், இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும், நூறு கிராமளவே நிறையுள்ள உறுப்பு. அதன் பெரும்பகுதி சமிபாட்டு நொதியங்களைச் சுரக்கும் கலங்களால் ஆனது. இன்சுலின் சுரக்கும் பகுதி நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். பெர்லினில் மாணவராக இருந்த பவுல் லாங்கர்ஹான்ஸ் 1869இல் தம் ஆய்வேட்டில் விவரித்த சிறுதீவுகள் இவை. சுமார் பத்து இலட்சம் இருக்கும், நொதியக் கலங்களுக்கு நடுவே ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். கணைய நொதியங்கள் சாதாரணமாகச் செயலற்ற நிலையில் சுரந்து, சிறுகுடலுக்குள் இறங்கிய பிறகுதான் வீரியம் பெறுகின்றன. பித்தப்பையிலிருந்து நழுவிய கல் பொதுக்குழாயின் வாயை அடைத்தாலோ, நெடுங்காலக் குடி கலங்களைக் கெடுத்தாலோ, இரத்தத்தில் திரைகிளிசரைட்டு அளவு கடந்தாலோ அந்த ஒழுங்கு குலைந்து, திரிப்சின் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொள்கிறது. கணையம் தன்னைத்தானே சமிபாடு செய்துகொள்கிறது என்று ஹான்ஸ் கியாரி 1896இலேயே சொல்லிவிட்டார். இந்த அழிவு நொதியக் கலங்களோடு நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு உடலமைப்பில் இடமில்லை. சிறுதீவுகள் அதே திசுவுக்குள்தான் இருக்கின்றன. அதே இரத்தக்குழாய்களை நம்பித்தான் இருக்கின்றன.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். உடல் எதற்கும் கொஞ்சம் உபரி வைத்திருக்குமே, சிறுதீவுகளில் ஒரு பகுதி போனால் மீதி ஈடுகட்டாதா? ஓரளவுக்கு ஈடுகட்டும். எவ்வளவு என்பதற்கு ஓர் அரிய சான்று அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்திலிருந்து 1990இல் வந்தது. நீரிழிவுள்ள உறவினருக்குத் தம் கணையத்தில் பாதியை வெட்டிக் கொடுத்த, பூரண ஆரோக்கியமான 28 கொடையாளரை அவர்கள் பின்தொடர்ந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது கால்பங்கினருக்குக் குளுக்கோசைத் தாங்கும் திறன் கெட்டிருந்தது. இவர்களுக்கு அழற்சியும் இல்லை, குடியும் இல்லை; தேர்ந்தெடுத்த உடல்நலம். அப்படிப்பட்டவர்களிடமே உபரியின் எல்லை அவ்வளவு கிட்டத்தில் இருந்தது.

அழற்சி வந்தவர்களைப் பற்றிய சான்றுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது, நியூசிலாந்தின் ஒக்லாந்தில் மாக்சிம் பெத்ரோவின் குழு 2014இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. முதல்முறையாகக் கணைய அழற்சி கண்டவர்களை முன்னோக்கிப் பின்தொடர்ந்த 24 ஆய்வுகளைச் சேர்த்து, மொத்தம் 1102 நோயாளரின் நிலையை அவர்கள் கணக்கிட்டார்கள். 23 வீதமானோருக்குப் புதிதாக நீரிழிவு. இன்னும் 16 வீதமானோருக்கு அதன் முன்நிலை. பன்னிரண்டு மாதங்களுக்குள் 15 வீதமானோருக்கு நீரிழிவு வந்துவிட்டது. ஐந்தாண்டு முடிவில் இந்த அபாயம் 2.7 மடங்காகப் பெருகியிருந்தது. இந்தக் கடைசி எண்ணை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். அழிந்த சிறுதீவுகள் மட்டுமே காரணமானால் எல்லாம் முதல் சில மாதங்களில் வெளிப்பட்டு ஓய்ந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் ஏறிக்கொண்டே போகிறதென்றால் வேறு ஏதோவும் வேலை செய்கிறது. அழற்சி அடங்கிய பிறகும் இரத்தத்தில் நீடிக்கும் மந்தமான வீக்க நிலை, இன்சுலினுக்குத் தசையும் ஈரலும் காட்டும் எதிர்ப்பு, ஆறிய கணையத்துக்குள் படியும் கொழுப்பு, குடலிலிருந்து கணையத்துக்குப் போகும் ஓமோன் செய்திகளில் கோளாறு என்று பல பேசப்படுகின்றன. சிலருக்கு, முதலாம் வகை நீரிழிவைப்போல, உடலின் எதிர்ப்புச்சக்தியே சிறுதீவுகளுக்கு எதிராகத் திரும்புகிறதா என்பதைப் பார்க்க அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார நிறுவனங்கள் பல ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து ஒரு நீண்ட ஆய்வு நடத்திவருகின்றன.

நோயின் கடுமைக்கு இதில் என்ன பங்கு? ஒக்லாந்துக் குழு, கடுமைக்கும் நீரிழிவுக்கும் பெரிய தொடர்பில்லை என்றது. 2019இல் வந்த, 31 ஆய்வுகள் அடங்கிய இன்னொரு தொகுப்பாய்வு மாறாகச் சொன்னது: கடுமையான தாக்குதலுக்குப் பிறகு 39 வீதம், இலேசானதுக்குப் பிறகு 14 வீதம், கணையத் திசு செத்தவர்களிடமும் குடியால் வந்தவர்களிடமும் கூடுதல். இரண்டாவது முடிவே எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுகிறது. அழிவு பெரிதானால் விளைவும் பெரிதாவது இயல்பு. அப்படியானால் கடுமையாக வந்தவர்களை மட்டும் கவனித்தால் போதாதா என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். கணைய அழற்சியோடு வரும் நூறு பேரில் ஏறத்தாழ எண்பது பேருக்கு அது இலேசானதே. அந்த எண்பதில் 14 வீதம் என்றால் பதினொரு பேர். மீதி இருபதில் 39 வீதம் என்றால் எட்டுப் பேர். ஆளுக்கு ஆள் அபாயம் கடுமையானவரிடம் கூட; ஆனால் தலைக்கணக்கில் இலேசானவர்களே அதிகம். நாலு நாள் சேலைன் ஏற்றிக்கொண்டு சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போனவரிடமிருந்துதான் நாளைய நீரிழிவில் பெரிய பங்கு வரப்போகிறது. அவரை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தவரைத்தான் வார்டு நினைவில் வைத்திருக்கும்.

இந்தச் சான்றுகளுக்கு வலுவான ஆட்சேபனைகள் உண்டு. நோயின் உச்சத்தில் யாருக்கும் சீனி ஏறும், அது நீரிழிவாகாது என்பது முதலாவது. சரிதான், அதனால்தான் வார்டில் எடுத்த இரத்தப் பரிசோதனையை வைத்து முடிவுகட்டக் கூடாது, மாதங்கள் கழித்துப் பார்க்க வேண்டும் என்கிறோம். இரண்டாவது, இவர்களுக்கு முன்பே சீனி இருந்து தெரியாமல் இருந்திருக்கலாம் என்பது. இலங்கையில் இதைத் தள்ளிவிட முடியாது. 2005-06இல் நாடளாவி நடந்த ஆய்வில் நீரிழிவுள்ளோரில் மூன்றில் ஒருவருக்குத் தமக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை. நீரிழிவுள்ளவர்களுக்குக் கணைய அழற்சி வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம் என்பதால் அம்பு எதிர்த்திசையிலும் பாயலாம். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கனமானது: பருமன், இரத்தக்கொழுப்பு, குடி, புகை ஆகியவை கணைய அழற்சியையும் தருகின்றன, நீரிழிவையும் தருகின்றன; இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையாக இருக்க, ஒன்றை மற்றொன்றின் காரணம் என்று சொல்வானேன்?

தாய்வானின் தேசியக் காப்புறுதிப் பதிவுகளிலிருந்து 2015இல் வந்த ஆய்வு இந்தக் கடைசி இரண்டுக்கும் பெருமளவு விடை தருகிறது. முதல்முறை அழற்சி கண்ட, முன்பு நீரிழிவு பதிவாகாத 2966 பேரை, வயதாலும் பாலாலும் பிறவற்றாலும் ஒத்த நான்கு மடங்கு பேரோடு ஒப்பிட்டார்கள். முதல் மூன்று மாதங்களில் நீரிழிவு கண்டறியப்பட்ட வேகம் ஏறத்தாழ ஆறு மடங்கு. அந்த ஆறு மடங்கில், ஆஸ்பத்திரிக்கு வந்ததால் வெளிச்சத்துக்கு வந்த பழைய சீனியும் நிச்சயம் கலந்திருக்கும். அதை அப்படியே கழித்துவிடலாம். மூன்று மாதத்துக்குப் பின்னரும் வேகம் இரண்டரை மடங்காகவே நீடித்தது. இலேசான அழற்சியை மட்டும் எடுத்துப் பார்த்தபோதும் அப்படியே. கூடவே, 2019ஆம் ஆண்டுத் தொகுப்பு காட்டிய படிநிலையும், பாதிக் கணையம் இழந்த கொடையாளரின் நிலையும் ஒரே திசையைக் காட்டுகின்றன. பொதுவேர் ஒன்று இருப்பதை நான் மறுக்கவில்லை. வேர் பொதுவானால், அழற்சி வந்தவர் அந்த வேர் தமக்குள் இருப்பதை ஏற்கெனவே காட்டிவிட்டார் என்றுதானே பொருள்? அவரைத் தொடர்ந்து பார்ப்பதற்கு அதுவும் போதுமான காரணமே.

இனி ஊவாவுக்கு வருவோம். 2018-19இல் திரட்டிய தரவுகளைக்கொண்டு வெளியான தேசியக் கணிப்பு, இலங்கையில் வயதுவந்தோரில் 23 வீதமானோருக்கு நீரிழிவும் 30 வீதத்துக்குச் சற்று மேற்பட்டோருக்கு முன்நிலையும் இருப்பதாகச் சொன்னது. 2005-06இல் நீரிழிவு பத்து வீதத்தை ஒட்டியே இருந்தது. இந்த வேகத்தைப் பார்த்தவர்கள் நகரத்தையும் உட்கார்ந்த வேலையையும் பருமனையும் குறிவைத்தது இயல்பு. 2011இலிருந்து நாடெங்கும் வந்த ஆரோக்கிய வாழ்க்கைமுறைக் கிளினிக்குகள் 35 வயதைத் தாண்டியவர்களை அழைத்து, எடை பார்த்து, இடுப்பளவு பார்த்து, சீனி பார்க்கின்றன. நல்ல ஏற்பாடு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் முப்பது வயதில், மெலிந்த உடம்போடு, கூடை சுமந்து மலையேறும் ஒரு பெண், பிரசவத்துக்குச் சில மாதங்களில் பித்தப்பைக் கல்லால் கணைய அழற்சி கண்டு பதுளைக்கோ தியத்தலாவைக்கோ போய் வந்திருந்தால், அந்தக் கிளினிக்கின் கண்ணுக்கு அவர் அபாயத்தில் உள்ளவராகவே தெரியமாட்டார். கர்ப்பமும் அடுத்தடுத்த பிள்ளைப்பேறும் பித்தக் கல்லுக்குப் பெயர்போன காரணங்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். தோட்டத்தில் கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் பெண்கள்.

கணைய அழற்சி என்றதும் தோட்டத்து ஆணின் குடியைச் சுட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது எளிது. சாராயமும் கசிப்பும் செய்யும் கேட்டை மூடிமறைக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் அளவின்றிக் குடிப்பவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கே இந்த அழற்சி வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கல் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்காமலே குடி என்று எழுதப்பட்ட ஒவ்வொரு நோயாளியும் மீண்டும் வலியோடு வருவதற்கு வழி திறந்துவிடப்பட்டவர். வேறு காரணங்களும் மலைநாட்டில் அரிதல்ல. வட்டப்புழு பித்தக் குழாய்க்குள்ளும் கணையக் குழாய்க்குள்ளும் ஏறி அழற்சி உண்டாக்குவதைக் காஷ்மீரின் வைத்தியர் குரூவும் உடனிருந்தவர்களும் 1990களின் தொடக்கத்தில் விரிவாகப் பதிவுசெய்தார்கள். லயன்களின் கழிப்பிட வசதியையும் குடிநீரையும் அறிந்தவர்கள் இதைக் காஷ்மீரத்துச் செய்தி என்று விட்டுவிட மாட்டார்கள். வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் தெளிக்கும் ஓகனோபொஸ்பேற்று வகை மருந்துகள் உடலுக்குள் போனால் கணையத்தை மிகைச் சுரப்புக்குத் தூண்டி அழற்சி தரக்கூடியவை. எலிக்காய்ச்சலும் டெங்கும் சிலவேளை கணையத்தைத் தொடுகின்றன. காரணம் எதுவானாலும் விளைவின் பாதை ஒன்றேதான்.

தோட்டத்து உடம்பைப் பற்றித்தான் இன்னும் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். தோட்டப்புறத்தில் அது 32 வீதத்தை எட்டியது. இன்றைய தொழிலாளர் வளர்ந்த காலத்தில் நிலைமை இதைவிட நன்றாயிருக்க வழியில்லை. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் போதிய புரதமின்றி வளர்ந்த விலங்குகளின் கணையத்தில் இன்சுலின் கலங்கள் குறைவாக உருவாவதை ஆய்வகங்கள் பலமுறை காட்டியுள்ளன. மனிதரில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் நியூயோர்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, ஊட்டமின்றி மெலிந்த நீரிழிவாளரிடம் முதன்மைக் குறை இன்சுலின் சுரப்பிலேயே இருப்பதைத் தெளிவாக்கியது. 1985இல் உலகச் சுகாதார நிறுவனம் போசாக்கின்மை சார்ந்த நீரிழிவைத் தனி வகையாக ஏற்று, 1999இல் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2025இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் ஐந்தாம் வகை என்று அதற்கு மறுபடியும் இடம் கொடுத்திருக்கிறது. இதையும் கணைய அழற்சியையும் சேர்த்துப் பார்த்து நான் வந்தடையும் இடம் ஓர் ஊகம்தான், ஆனால் தர்க்கத்துக்குப் பொருந்திய ஊகம்: தொடக்கத்திலேயே குறைந்த கையிருப்போடு வாழ்பவரிடமிருந்து ஓர் அழற்சி பறித்துக்கொள்ளும் அதே பங்கு, நன்றாக உண்டு வளர்ந்த மினசோட்டாக் கொடையாளரிடமிருந்து பறித்ததைவிடப் பெரிய இழப்பாகும். கடினமாக உழைப்பவருக்குச் சீனி வராது என்ற நம்பிக்கை இன்சுலின் எதிர்ப்பைப் பற்றியவரை பாதி உண்மை. சுரக்கும் கலமே இல்லாதபோது மலையேறி என்ன பயன்?

தென்னிந்திய வைத்தியர்களுக்கு இந்த உறவு புதிதல்ல என்பதையும் சொல்லிவிடலாம். கேரளத்தில் பி. ஜே. கீவர்கீஸ் கணையத்தில் கல் நிறைந்த, ஒல்லியான இளைஞர்களின் நீரிழிவை நூற்றுக்கணக்கில் கண்டு விவரித்தார். பின்னர் சென்னையில் வி. மோகன் அதை நெடுங்காலம் ஆராய்ந்தார். அது நாட்பட்ட கணைய நோய், நாம் பேசும் திடீர் அழற்சியிலிருந்து வேறு. இருந்தும் கணையம் வழியாக நீரிழிவு வரும் என்ற எண்ணம் நம் பக்கத்து மருத்துவத்தில் எப்போதோ வேரூன்றியதுதான்.

சரி, நீரிழிவு எந்த வழியாக வந்தால் என்ன, மருந்து ஒன்றுதானே என்ற கேள்விக்கு விடை: முழுவதும் ஒன்றல்ல. இங்கிலாந்தின் பொது வைத்தியர் பதிவுகளில் இருபது இலட்சம் பேரை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரை, கணைய நோய்க்குப் பின் வந்த நீரிழிவில் 88 வீதம் இரண்டாம் வகை என்றே எழுதப்பட்டிருந்ததைக் கண்டது. ஐந்தாண்டுக்குள் இன்சுலின் தேவைப்பட்டவர்கள் உண்மையான இரண்டாம் வகையில் 4 வீதம். திடீர்க் கணைய அழற்சிக்குப் பின் வந்ததில் 21 வீதம். ஐந்து மடங்கு வித்தியாசம். தவறான பெயர் எழுதப்பட்டவர், மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் சீனி இறங்காதபோது, சொல்பேச்சுக் கேளாத நோயாளி என்று ஏச்சு வாங்குகிறார். கேளாதது அவருடைய கணையம். இன்னொரு ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. சிறுதீவுகள் அழியும்போது இன்சுலினோடு, சீனி தாழ்ந்தால் ஏற்றிவிடும் குளூக்ககன் என்ற ஓமோனும் குறைகிறது. கிளிபென்கிளமைட்டு போல நீண்டநேரம் வேலைசெய்யும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, விடியற்காலையில் தேத்தண்ணியோடு பெரட்டுக்குப் போய், பத்து மணிவரை ஒன்றும் சாப்பிடாமல் சரிவில் நிற்பவருக்குச் சீனி தாழ்ந்தால் அதைத் தூக்கிவிட உள்ளே ஆளில்லை. மெட்ஃபோமின் இவர்களுக்கும் பெரும்பாலும் ஏற்ற தொடக்கம். ஆனால் இன்கிரெற்றின் வழியில் செயல்படும் புதிய மருந்துகளைக் கணைய அழற்சி வந்தவருக்குக் கொடுக்குமுன் வைத்தியர் யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசிப்பதற்கு முதலில் அவருக்கு அந்த வரலாறு தெரிய வேண்டும்.

நொதியக் குறைபாடும் கூடவே வரலாம். கொழுப்புச் சமிக்காமல் மலம் எண்ணெய்ப்பசையாய் மிதக்கும், உடல் மெலியும், ஏ, டி, ஈ, கே விற்றமின்கள் உடலில் சேராது. கோதுமை ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியுமாக, எண்ணெய் சொற்பமாய்ச் சேரும் சாப்பாட்டில் அந்த எண்ணெய்ப்பசையே கண்ணுக்குப் படாமல் போகலாம். மெலிவு மட்டும் மிஞ்சும். அந்த மெலிவை வேலையின் மேலோ குடியின் மேலோ போட்டுவிடுவார்கள்.

நடைமுறையில் இதெல்லாம் ஆகிற காரியமா என்று கேட்பவர்கள் சுகாதாரத் துறைக்குள்ளேயே இருப்பார்கள். கிளினிக்குகளில் இப்போதே நிற்க இடமில்லை. மருந்துத் தட்டுப்பாட்டின் காயம் 2022இலிருந்து முழுதும் ஆறவில்லை. என் விடை, இது புதிதாக ஆள்தேடும் வேலை அல்ல என்பதுதான். ஊரெல்லாம் வலைவீசித் தேட வேண்டிய நோயாளிகளுக்கு மாறாக, இவர்கள் தாமாகவே ஆஸ்பத்திரிக்கு வந்து, பெயரும் விலாசமும் கொடுத்து, படுத்துப் போனவர்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2024ஆம் ஆண்டின் வழிகாட்டலில் கேட்பதும் இவ்வளவே: அழற்சிக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கொருமுறை சீனி பார்க்க வேண்டும். சத்திரசிகிச்சை வார்டு செய்யக்கூடிய தடுப்பும் ஒன்று உண்டு. கல்லால் வந்த இலேசான அழற்சியில், அந்தத் தடவை வார்டில் இருக்கும்போதே பித்தப்பையை எடுத்துவிட்டால் கல்லால் திரும்பி வரும் சிக்கல்கள் 17 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைவதை நெதர்லாந்தில் நடந்து 2015இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு நிரூபித்தது. ஒவ்வொரு மீள்தாக்குதலும் மிஞ்சிய சிறுதீவுகளில் கைவைக்கக்கூடியது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதி அனுப்புவது பித்தப்பையைப் பற்றிய முடிவாகத் தெரிந்தாலும், நாளைய இன்சுலினைப் பற்றிய முடிவும் அதற்குள் இருக்கிறது.

தோட்டங்களுக்கென ஒரு தனிச் சிக்கலும் உண்டு. அது காலனி காலத்திலிருந்து வருவது. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டத்தோடு தோட்ட வைத்தியம் தனி வழியில் போகத் தொடங்கியது. 1990களுக்குப் பின்னர்தான் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு படிப்படியாக ஏற்கத் தொடங்கியது, அந்த வேலை இன்னும் முடிந்தபாடில்லை. பெரியாஸ்பத்திரியில் எழுதப்பட்டது தோட்ட டிஸ்பென்சரிக்குத் தானாக வந்து சேராது. நோயாளியின் கையிலிருக்கும் டயக்னோசிஸ் காட் ஒன்றே இரண்டுக்கும் பாலம். அதுவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். சீனி பார்க்க வேண்டிய மாதத்தையும், மெலிவோ தாகமோ கண்டால் உடனே வர வேண்டும் என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு வரி அதன் அடியில் அச்சிடுவதற்கு மருந்தும் வேண்டாம், புதிய பதவியும் வேண்டாம்.

எந்தப் பரிசோதனை என்பதில் மட்டும் தோட்டத்துக்கேற்பக் கொஞ்சம் மாற்றம் தேவை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏச்பிஏ1சி நகரத்தில் வசதியானது. பட்டினி இருக்க வேண்டியதில்லை. ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தச்சோகை அந்த எண்ணைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை பரவலாக இருக்கும்போது இதை மட்டும் நம்புவது சரியாகாது. 75 கிராம் குளுக்கோசு கொடுத்து இரண்டு மணிநேரம் கழித்துப் பார்ப்பதே நுட்பமானது. கணைய நீரிழிவில் பலருக்கும் சாப்பாட்டுக்குப் பின்னான சீனிதான் முதலில் கெடுகிறது. ஆனால் அதற்குப் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போய் அரைநாள் உட்கார வேண்டும், அன்றைய நாட்கூலிக்கான பேர் விழாது. ஆகவே, வெறும் வயிற்றோடு காலைப் பெரட்டுக்கு முன் டிஸ்பென்சரியிலேயே விரல்நுனி இரத்தத்தில் சீனி பார்த்து, நூறைத் தாண்டியவர்களையும் காரணமின்றி மெலிந்தவர்களையும் மட்டும் ஆய்வுகூடப் பரிசோதனைக்கு அனுப்புவது நடக்கக்கூடிய வழி. இதில் சிலர் தவறிப்போவார்கள், குறிப்பாகச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் சீனி ஏறுபவர்கள். ஆண்டுதோறும் திரும்பப் பார்ப்பதால் அவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ அகப்பட்டுவிடுவார்கள். அபாயம் ஐந்தாண்டு வரை ஏறிக்கொண்டே போவதாக ஒக்லாந்துக் கணக்கு சொல்வதால், முதல் பரிசோதனை சரியாக இருந்தது என்று கைவிட்டுவிடாமல் குறைந்தது அதுவரையாவது பெயரைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும்.